நோயுற்றோருக்கான ஜெபத்தில் ஒரு பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஞானஸ்நான ஆராதனையில் கிடைத்தது. நண்பரின் குழந்தை. கடைசி பெஞ்சில் பால் புட்டியோடு உட்கார்ந்து அதைச் சமாளிப்பது என் பொறுப்பு. சபைக்காக மன்றாட்டு ஜெபம் வாசிக்க ஒரு சிறுமி முன்னால் வந்தாள். கணீரென்று வாசித்துக்கொண்டே போனவள், நோயுற்றோருக்கான பகுதியில் சட்டென்று நின்றுவிட்டாள். பக்கம் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவள் ஏதோ சொன்னாள். அதற்குள் என் மடியில் இருந்தது வீறிட்டு ஊரைக் கூட்டிவிட்டது. என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தச் சிறுமியின் அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை, ஆனால்—"

("ஆனால்" போட்ட கணமே தீர்ப்பு எழுதியாயிற்று. விட்டுவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலிக்கன் சபைக் குடும்பம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே அம்மாதான் பாடம் சொல்லிக்கொடுத்தாள். தட்டை எடுத்தால் புத்தகம்; சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. முதலில் காலை ஜெபம், பிறகு கணக்கு. ஜெபத்தில் அப்பா பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார். அம்மா நோயாளிகளின் பெயர்களைச் சொல்வாள். பிள்ளைகள் "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்பார்கள்.

நடுப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மேசையிலும் கோயிலிலும் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

அடக்கத்தன்று கடைக்குட்டியை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அம்மா மேசையைத் துடைத்தாள். ஜெபம் தொடங்கியது. நோயாளிகளின் பெயர்களோடு அவன் பெயரையும் சொன்னாள். வாய்ப்பழக்கம் என்று நினைத்து அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நாளும் சொன்னாள். கோயிலில் நோயுற்றோர் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடக் குருவானவருக்கும் மனசு வரவில்லை.*

* ஜெப வரிசையில் நோயுற்றோர் முதலில், மரித்தோர் அடுத்து. நடுவில் மூச்சுவிடும் நேரம்தான். இரண்டுக்கும் சபை சொல்லும் பதில் ஒன்றே.

3

பெரியவளும் சின்னவளும் மேசையில் இருக்கிறார்கள். சின்னவள் அண்ணனுக்காக ஒரு படம் வரைகிறாள்.

"அக்கா, அண்ணனுக்கு இன்னும் காய்ச்சல் விடலையா?"

"பேசாம கலர் அடி."

"நான் ஜெபத்துல கண்ணத் தொறந்துட்டேன். அதனாலயா?"

(இந்த இடத்தில் பெரியவளை அழவைக்கப் பார்த்தேன். மசியவில்லை. தங்கையின் பென்சிலை வாங்கிச் சீவிக்கொண்டே இருந்தாள், பாதியாகும் வரை.)

4

வரும் ஞாயிறு மன்றாட்டு ஜெபம் வாசிப்பது பெரியவளின் முறை. அம்மாவிடம் போகிறாள்.

முதல் பிரதியில் அம்மாவைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். வாயைத் திறந்தால் வேதவசனம். அப்படிப்பட்டவளை வாசகர் முன்னால் நிறுத்தி அடிப்பது சுலபம். பிறகு இந்தப் பேச்சை எழுதினேன். அதற்கப்புறம் அடிக்க என் கை எழவில்லை.

"அம்மா, தம்பி பேர எங்க வாசிக்கணும்?"

"எப்பவும் வாசிக்கிற எடத்துலதான்."

"அது பொய்யில்லையாம்மா? பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

அம்மா, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"அங்கேருந்து எடுத்துட்டா, அப்புறம் நான் அவனுக்காக என்னடி கேக்கறது?"

பெரியவள் கையிலிருந்த ஜெபத் தாளை நாலாக மடித்தாள்.

"பாப்பா தன்னாலதான் அவனுக்குச் சரியாகலைன்னு நெனச்சிட்டிருக்கா, அம்மா."

"அவகிட்ட நான் சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னு சொன்னேன்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அம்மா சொல்லவில்லை.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

நோயுற்றோரோடு வாசிக்கிறாள். அம்மாவின் தோள் தளர்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் சின்னவள் இன்னொரு படம் வரைகிறாள். அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

மரித்தோரோடு வாசிக்கிறாள். அம்மா எழுந்து வெளியே போய்விடுகிறாள். "அண்ணன் பேரு ஏம்ப்பா இப்ப வருது?" என்று சின்னவள் கோயில் முழுக்கக் கேட்கும்படி கேட்கிறாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்—

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இரண்டு இடத்திலும் வாசிக்காமல் விட்டுவிடுகிறாள் என்றும் எழுதினேன். அந்தக் கோழைத்தனம் என்னுடையது. அதை அவள் தலையில் கட்ட எனக்கு உரிமையில்லை. கிழித்துப்போட்டேன்.

6

பையனுக்குப் பெயரே வைக்கவில்லையே என்று கேட்பீர்கள். வைத்தால் எங்காவது ஓரிடத்தில் வாசித்தாக வேண்டுமே என்ற பயம்தான்.

அதனால் நீங்கள் எழுந்து முன்னால் வாருங்கள். எடுத்துவிட மனசு வராத ஒரு பெயர் உங்களிடமும் இருக்கும். அதையே போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்க பெஞ்சில் அம்மா, முன்னிருக்கையை இறுக்கிப் பிடித்தபடி உங்களையே பார்க்கிறாள். அவள் பக்கத்தில் சின்னவள். இந்தத் தடவை தப்பித்தவறிக்கூடக் கண் திறந்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

வாசியுங்கள். சத்தமாக. போன தடவை கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை.