ஜன்னலோர மேஜை

பல் மருத்துவமனையின் வரவேற்பில் பதினாறு வருஷமாக உட்கார்ந்து நேரம் ஒதுக்கித் தருகிறவனுக்கு, எந்தப் பொய்க்கு எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல் போகுமா? "வலியில உயிர் போகுது" என்பவர்கள் நாளைக்கு வரலாம். "அப்பாவுக்கு இதுதான் கடைசி..." என்று இழுக்கிறவர்களுக்கு இன்றைக்கே நேரம் கிடைக்கும். இப்படிப் பலரிடம் அவன் தெரிந்தே ஏமாந்திருக்கிறான்.

ஊரில் பேர்போன ஓர் இத்தாலிய உணவகத்தில் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி முன்பதிவு திறக்கும். கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். அவன் மூன்று மாதம் முயன்று தோற்றான். தொலைக்காட்சியில் அந்த இடத்தைப் பார்த்த அம்மா, "ஒரு நாளாவது அங்க உக்காந்து சாப்பிடணும்டா" என்று சொன்னபோது, "அதுக்கென்னம்மா, அடுத்த மாசமே போறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். "கிழிச்சீங்க" என்றாள் மனைவி. அதில்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உணவகத்துக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதினான். அம்மாவுக்கு அதிக நாள் இல்லை, இது அவளுடைய கடைசி ஆசை என்று. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ஞாயிறு மதியம், ஜன்னலோர மேஜை.

வாசலில் ஆட்கள் காத்துக்கிடக்க, உணவக ஊழியர்கள் அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார்கள். நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வேறு. "என்னடா, ராஜமரியாதையா இருக்கு?" என்று பூரித்துப்போய், மொறுமொறுப்பாக இருப்பதாகப் பார்த்து இரண்டு அயிட்டம் சொன்னாள் அம்மா.

வந்தது ஒரு கிண்ணம் சூப்பு. அதில் குழைய வெந்த பொடிப் பாஸ்தா. கொண்டுவந்தவர் தலைமைச் சமையல்காரர். முழங்கை வரை மாவோடு, அம்மாவின் நாற்காலி அருகே மண்டியிட்டார்.

"மெல்லச் சிரமம் இல்லாம தனியா பண்ணியிருக்கேம்மா. எங்கம்மா கடைசி நாள்ல இதைத்தான் விரும்பிச் சாப்பிட்டாங்க. உங்க கடைசி ஆசைக்கு எங்க இடத்தை நினைச்சீங்களே, அதுவே பெருசு."

கண் கலங்க எழுந்து உள்ளே போனார்.

அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "போன வாரம் ரத்தம் எடுத்தாங்களே... எவ்வளவு நாள்னு சொன்னாங்க?"

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டான். "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. மேஜை கிடைக்கணும்னு நான்தான் பொய் எழுதினேன்."

"சரிடா. விடு. மறைச்சதுக்கு நான் கோவிச்சுக்க மாட்டேன்." அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்காகத்தான இவ்வளவும் பண்ணியிருக்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கைபேசியில் பரிசோதனை முடிவைத் தேடி எடுத்து நீட்டினான். "பாரும்மா, எல்லாம் நார்மல். நானே படிக்கிறேன்."

"நீ படிக்காத," என்று கைபேசியை வாங்கி மருமகளிடம் கொடுத்தாள். "நீ படிம்மா. ஒரு வரி விடாம படி."

மனைவி படித்தாள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று ஒவ்வொன்றாக. பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. படித்து முடித்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனைப் பார்க்கவே இல்லை.

"அந்த மனுஷன்கிட்ட போய் நீயே சொல்லு. சொல்லாம இங்க வந்து உக்காராத."

சமையலறைக் கதவு வரை பத்தடிகூட இருக்காது. ஒவ்வோர் அடியாக எண்ணி நடந்தான். கதவைத் தள்ளியதும், மாவு தேய்த்துக்கொண்டிருந்த சமையல்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அம்மா ஒரு வாயாவது சாப்பிட்டாங்களா சார்?"