மிளகுக்குக் கிடைத்த வேலை

"படத்துல பொம்மை மாதிரி இருந்திச்சு. இது நாயில்ல, பேய்" என்று சொல்லித்தான் மேனேஜர் வீட்டம்மா அதைக் கிறிஸ்டினாவின் கையில் கொடுத்தாள். அவர்கள் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள். சோபாவைக் கிழித்துப் பஞ்சைப் பறக்கவிட்ட ஜாக் ரஸ்ஸல் டெரியரைக் கூட்டிப்போக யாருக்கும் மனமில்லை. கம்பெனியில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டபோது, பேக்கிங் பிரிவில் கிறிஸ்டினா ஒருத்திதான் கை தூக்கினாள்.

வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. முழங்கால் உயரம்கூட வராது. மிளகு என்று பெயர் வைத்தாள்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் தாலியோடு திரும்பி வந்தவள் கிறிஸ்டினா. அன்றிலிருந்து கும்மிடிப்பூண்டியில் அண்ணன் எபினேசர் வீட்டில்தான் இருக்கிறாள். நாயைக் கண்டதும் அண்ணி ஜெபா வாசலிலேயே நின்று, "இருக்கிறவங்களுக்கே எடமில்ல, இதுல நாய் வேறயா?" என்றாள். இருக்கிறவங்க என்றது யாரை என்று கிறிஸ்டினாவுக்குத் தெரியும்.

ஆனால் வந்த வாரமே மிளகு அண்ணியின் மனதை மாற்றிவிட்டது. அரிசி மூட்டையைக் கடித்து நாசம் பண்ணிக்கொண்டிருந்த பெருச்சாளியைச் சாக்கடைப் பொந்துக்குள் தலையை விட்டு இழுத்து, ஒரே உதறலில் கொன்று, அவள் காலடியில் கொண்டுவந்து போட்டது. ஜெபா முதலில் அலறினாள், பிறகு சிரித்தாள். அதன் பிறகு தெருவே மிளகைக் கூப்பிட்டது. எந்த வீட்டில் எலி ஓடினாலும், "ஜெபாக்கா, உங்க நாய அனுப்புங்க" என்றார்கள். ஜெபாவும் தன் நாய் மாதிரியே அனுப்பி வைத்தாள்.

தன் அளவு என்ன என்று மிளகுக்குத் தெரியவே தெரியாது. சிப்காட் தொழிற்பேட்டை லாரியைப் பார்த்துக் குரைக்கும். எருமையின் மூக்குக்கு நேராக நிற்கும். எருமைதான் ஒதுங்கிப் போகும். அதைப் பார்க்கப் பார்க்கக் கிறிஸ்டினாவுக்கு நெஞ்சு நிறைந்து போகும். முப்பத்தாறு வயது வரைக்கும் அவள் ஒருத்தர் முன்னாலும் அப்படி நின்றதில்லை. படுக்கும்போது அது முதுகை அவள் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டு படுக்கும். சூப்பர்வைசர் திட்டியதைச் சொன்னால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கும். அந்த வீட்டில் அவள் பேச்சைக் கடைசி வரை கேட்டது அது ஒன்றுதான்.

நாலைந்து மாதத்தில் தெருவில் எலியே இல்லை. வேலை இல்லாத மிளகு வேலையை உண்டாக்கிக்கொண்டது. ஜெபாவின் குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தோண்டிக் கொட்டியது. மோட்டார் ஒயரைக் கடித்தது. எபினேசர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப்போகும் ஷூவை நார்நாராகக் கிழித்தது. கிறிஸ்டினா ஷிப்டுக்குப் போய்விட்டால் நாள் பூராவும் குரைத்தது. எலி பிடிக்கக் கூப்பிட்ட அதே ஜனம் வாசலில் வந்து கத்தியது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது மிளகு இல்லை.

"மீஞ்சூர்ல ஆதிகேசவன்னு ஒருத்தர், தவுட்டு குடோன் வெச்சிக்கினுகீறாரு. குடுத்துட்டேன்" என்றான் எபினேசர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னை ஒரு வார்த்த கேக்கலியேண்ணா. அது என் நாயி."

"உன்னையே நான் ஒரு வார்த்த சொல்லாம வெச்சிக்கினுகீறேன். உன் நாயையும் சேத்து வெச்சிக்கணுமா?"

ஜெபா சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் கிறிஸ்டினா மீஞ்சூருக்கு ரயில் ஏறினாள். பையில் மிளகின் கழுத்துப்பட்டையும் கயிறும் இருந்தன. வழியெல்லாம் அது இளைத்திருக்கும், சாப்பிடாமல் கிடக்கும், தன்னைக் கண்டதும் ஊளையிடும் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

ஆதிகேசவனின் குடோனை விசாரித்துக் கண்டுபிடித்தாள். மிளகு இளைக்கவில்லை. மூட்டைகளின் மேலிருந்து பாய்ந்து வந்து அவள் மார்பில் ஏறியது; முகமெல்லாம் நக்கியது. அவள் அழுதுகொண்டே பையில் கைவிட்டுப் பட்டையைத் தேடினாள். அதற்குள் பின்னால் ஒரு மூட்டையடியில் ஏதோ சலசலத்தது. மிளகின் காது விறைத்தது. அவள் கையிலிருந்து நழுவிக் குதித்து ஓடியது.

"மிளகு! மிளகு!"

அது திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் எலியோடு வந்து, அதை வாசலில் நின்றிருந்த ஆதிகேசவனின் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

"அது ஜாதியே அப்டிம்மா. கொஞ்சனா மட்டும் பத்தாது. வேல குடுக்கணும்" என்றார் அவர்.

"என்னைத் தேடுச்சாங்க?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். யோசித்துத்தான் சொன்னார். "மொத நாளு வாசலையே பாத்துக்கினு இருந்திச்சும்மா. அப்புறம் எலி வந்துடுச்சு."

பட்டையைப் போட்டு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவரும் தடுத்திருக்க மாட்டார். ஆனால் எங்கே போவது? லேடீஸ் ஹாஸ்டலில் நாயைச் சேர்க்க மாட்டார்கள். அண்ணன் வாசலில் மறுபடி நிற்கவேண்டும். மிளகு அடுத்த மூட்டைக்கடியில் மூக்கை நுழைத்திருந்தது; வால் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் கிளம்பியதை அது பார்க்கவில்லை.

வீட்டில் சாப்பாட்டு நேரம்.

"நல்லாகீதா?" என்றாள் ஜெபா.

"நல்லாகீது அண்ணி."

"நான் சொல்லல?" என்றான் எபினேசர். ஒரு நல்ல காரியம் செய்தவனின் திருப்தியோடு இன்னொரு கறித்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

இனி அண்ணனோடு பேசுவதில்லை என்று அந்தச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே கிறிஸ்டினா முடிவு பண்ணினாள். அப்படியே இருந்தாள். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அவன் கவனிக்கவே இல்லை. அந்த மாதக் கடைசியில் ஜெபாதான் பக்கத்து வீட்டுப் பூவம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இப்பதான்க்கா ஊடு ஊடா இருக்குது. ஒரு சத்தம் இல்ல."

கிறிஸ்டினா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.