சுரங்கம் எந்தப் பக்கம் திரும்பியது?

ஒன்பது நாளாக அக்காவுக்கு வேலை இல்லை. அவளுடைய பேக்கரி மலைச்சரிவில் இருந்தது. அதற்குக் கீழே எங்கோ ஒரு பழைய வெள்ளி-ஈயச் சுரங்கம். அது கடையின் அடியில் போகிறதா என்று தெரியும்வரை அடுப்பு எரியக் கூடாது என்று நகராட்சி இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டார். போவது உறுதியானால் அடுப்பை இடித்தே ஆக வேண்டும். பன்னிரண்டு டன் செங்கல் அடுப்பு அது. அக்காவும் அவள் கணவனும் ஒவ்வொரு கல்லாக அடுக்கிக் கட்டியது.

தங்கை மண்ணியல் படித்தவள். சின்ன வயதில் சட்டைப்பை கிழியும் அளவுக்குக் கல் பொறுக்கியதால் வீட்டில் அவளுக்குக் 'கல்லு' என்றே பெயர். விஷயம் காதில் விழுந்ததும் இரண்டு ஹெல்மெட்டோடு வந்து இறங்கினாள்.

"எனக்கு எதுக்குடி இது?" என்றாள் அக்கா.

"உன் அடுப்புதானே? நீயே வந்து பாரு."

இன்ஜினியர் பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். தங்கை விளக்கை மேலே திருப்பினாள். கறுப்புப் பாறையின் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை ஒன்று ஓடியது. அதில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் மின்னின.

"ரெண்டு துண்டு ரொட்டிக்கு நடுவுல ஜாம் தடவின மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

"அதேதான். பாறையில ஒரு விரிசல். அது வழியா அடியிலேருந்து சுடுதண்ணி ஏறியிருக்கு. ஆற ஆற, கரைஞ்சிருந்ததெல்லாம் ரெண்டு பக்கமும் படிஞ்சிருச்சு. கெட்டிலுக்குள்ள வெள்ளையா படியுமே, அப்படி. வெள்ளையா இருக்கிறது குவார்ட்ஸ். இந்தச் சாம்பல் கட்டம்தான் கலீனா, ஈயத் தாது. பிடி."

தங்கை கொடுத்தது எலுமிச்சை அளவுத் துண்டுதான். அக்காவின் கை சட்டென்று கீழே இறங்கியது. மாவு மூட்டையைத் தினமும் தூக்குகிற கைக்கே அது எதிர்பாராத கனம்.

"இதுல வெள்ளி எங்கே?"

"கண்ணுக்குத் தெரியாது. ஈயத்தோட ஈயமா ஒளிஞ்சிருக்கும். உருக்கித்தான் பிரிக்கணும். கையை வாயில வச்சுடாதே, வெளியே போனதும் கழுவு."

சுரங்கம் வெட்டியவர்கள் இந்த வெள்ளைப் பட்டையை விடாமல் பின்தொடர்ந்து போயிருந்தார்கள். நாற்பது அடி போனதும் பட்டை கத்தியால் வெட்டினாற்போல் நின்றது. குறுக்கே பளபளவென்று ஒரு பாறைச் சுவர். அதன் இரு ஓரங்களிலும் கூரை இடிந்து கல் மூடிக் கிடந்தது. இடமா வலமா, எந்தப் பக்கம் திரும்பி வெட்டினார்கள் என்று பார்க்க வழியில்லை. பேக்கரி அடுப்பு அங்கிருந்து இடப்பக்கம் அறுபது அடியில்.

"இங்கே பூமி வெட்டுப்பட்டு நகர்ந்திருக்கு அக்கா. ரொட்டியைக் குறுக்கே வெட்டிட்டு ஒரு பாதியை மட்டும் தள்ளினா, ஜாம் என்ன ஆகும்?"

"தள்ளின பக்கம் போயிடும்."

"எந்தப் பக்கம் தள்ளுச்சுன்னு சுவரே சொல்லும். தடவிப் பாரு."

அக்கா வலமிருந்து இடமாகத் தடவினாள். வழவழப்பு. இடமிருந்து வலமாகத் தடவினாள். சின்னச் சின்னப் படிகள் விரலில் தட்டின. பூனையை எதிர்ப்பக்கம் தடவினால் எப்படியோ, அப்படி.

"எந்தப் பக்கம் வழவழன்னு போகுதோ, அந்தப் பக்கம் நாம நிக்கிற பாதி நகர்ந்திருக்கு; சுவருக்கு அப்பால இருக்கிற பாதி எதிர்ப்பக்கம். அப்போ பட்டை வலது பக்கம். இந்த மலையில மத்த வெட்டுகள் நகர்ந்த அளவைப் பார்த்தா ஏழெட்டு அடியில இருக்கும். அவங்களும் வலது பக்கம்தான் திரும்பியிருப்பாங்க. உன் அடுப்பு இருக்கிறது இடது பக்கம்."

அக்காவுக்குத் தண்ணீரிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. வாசலுக்கு வந்து இன்ஜினியரிடம் அவளே எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் ஒப்பித்தாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் தங்கையைக் காணோம். அவள் கழிவுக்கல் மேட்டின் மேல் நின்றிருந்தாள். சுரங்க வாசலிலிருந்து நாக்கு நீட்டியதுபோல் வெளியே நீண்டு கிடந்தது அந்த மேடு. சுரங்கம் வெட்டியவர்கள் உடைத்த கல்லை வண்டியில் தள்ளி வந்து நுனியில் கொட்டியிருக்கிறார்கள். அதனால் வாசலருகே இருப்பது முதலில் வெட்டியது, நுனியில் இருப்பது கடைசியாக வெட்டியது. தங்கை நுனியில் குந்தி ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னடி?"

"எல்லாம் வெறும் கறுப்புப் பாறை. குவார்ட்ஸ் ஒரு பொட்டுகூட இல்லை. வலது பக்கம் போயிருந்தா ஏழெட்டு அடியில பட்டை கிடைச்சிருக்கும், இங்கே வெள்ளை வெள்ளையா கிடக்கும். இடது பக்கம் திரும்பியிருக்காங்க அக்கா. ஒண்ணும் கிடைக்காம, கடைசியில மூடிட்டுப் போயிருக்காங்க." கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். "தப்பா சொல்லிட்டேன். சார்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

அக்கா மேட்டில் உட்கார்ந்தாள். இன்ஜினியர் தூரத்தில் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தூரம் போயிருப்பாங்க?"

"குறிப்பு எதுவும் இல்லை."

"வெட்டினதை எங்கே கொட்டினாங்க?"

"இங்கேதான். இதோ, நீ உட்கார்ந்திருக்கியே."

"வெறும் கறுப்பு எங்கேருந்து தொடங்குது?"

தங்கை துள்ளி எழுந்தாள். பிறகு அளவு நாடாவை எடுக்க ஓடினாள்.

வெள்ளைக் கல் முடிந்த இடத்திலிருந்து நுனிவரை இருபத்து நான்கு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், சராசரியாக நான்கு அடி உயரம். மொத்தம் ஆயிரத்து நூற்றைம்பத்திரண்டு கன அடி. சுரங்கத்தின் அகலம் ஐந்தடி, உயரம் ஆறடி. ஓரடி முன்னேற முப்பது கன அடி வெட்ட வேண்டும்.

"அப்போ முப்பத்தெட்டு அடி போயிருக்காங்க" என்றாள் தங்கை.

"இருடி. மூட்டையில அழுந்திக் கிடக்கிற மாவைச் சலிச்சா ஒண்ணரைப் பங்கா பொங்கும். உடைச்ச கல்லு பொங்காதா?"

தங்கை அக்காவை உற்றுப் பார்த்தாள். "பொங்கும். ஏறக்குறைய அதே ஒண்ணரைதான். நீ எங்க ஆபீசுக்கு வேலைக்கு வந்துடேன்."

ஒன்றரையால் வகுத்தால் சுமார் இருபத்தாறு அடி.

இன்ஜினியர் எல்லாவற்றையும் கேட்டார். "நல்ல கணக்குதான். மழையில கொஞ்சம் அடிச்சுட்டுப் போயிருந்தா?"

"அதனாலதான் துளை போட்டுப் பார்க்கச் சொல்றேன் சார்" என்றாள் தங்கை. "இடது பக்கம் இருபதடியில ஒண்ணு, நாற்பதடியில ஒண்ணு."

மறுநாள் காலை துளையிடும் லாரி வந்தது. முதல் துளையில் இருபத்தைந்து அடி ஆழம் போனதும் தண்டு திடீரென்று தொபுக்கென்று இறங்கியது, கீழே வெற்றிடம். அக்கா இடுப்பு ஏப்ரனை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். சுரங்கம் இடப்பக்கம்தான் வந்திருக்கிறது.

இரண்டாவது துளை. இருபது அடி ஆழம், பாறை. இருபத்தைந்து, பாறை. முப்பது, பாறை. லாரிக்காரர் முப்பத்தைந்தில் இயந்திரத்தை நிறுத்தி, உள்ளிருந்து எடுத்த கறுப்புக் கல் உருளைகளை வரிசையாகத் தரையில் வைத்தார். எங்கும் ஒரு இடைவெளி இல்லை.

இன்ஜினியர் குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். "அடுப்பைப் பத்த வைக்கலாம்மா. எழுதித் தந்துடறேன்."

"சார், வலது பக்கம் எட்டடி வரைக்கும் சாய்வா ஒரு துளை..." என்று தங்கை இழுத்தாள்.

"எதுக்கு?"

"பட்டை இருக்கான்னு பார்க்கத்தான்."

"அதுக்கு எனக்கு உத்தரவு இல்லையே" என்றவர், லாரிக்காரரைப் பார்த்தார். லாரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு சார்" என்றார்.

அவர்கள் மூவரும் வலப்பக்கம் நகர, அக்கா கடைக்குள் போனாள். அடுப்புக்குள் கைவிட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. பத்து நாள் ஆறிய செங்கலை ஒரே நாளில் சூடாக்கினால் விரிசல் விட்டுவிடும். இரண்டே இரண்டு சுள்ளி போதும் இன்றைக்கு. அதைப் பற்றவைத்து ஊதிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அக்கா, வெள்ளை வந்துடுச்சு. எட்டடிகூட இல்லை, ஏழரைதான்."

"அந்தப் பக்கம் மட்டும் திரும்பியிருந்தாங்கன்னா" என்று அக்கா புகைக்குள்ளிருந்து சொன்னாள், "பாவம்டி, பணக்காரங்களாயிருப்பாங்க." இன்னொரு தடவை ஊதினாள். சுள்ளி பிடித்துக்கொண்டது.