கேள்வி கேட்காத பொத்தான்

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் பிரிண்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ரத்தப் பரிசோதனை முடிவைத் திரையில் வரவழைத்து பிரிண்ட் கொடுத்தால், அங்கேயே ஒரு சின்னப் பெட்டி திறந்து, எந்தத் தாள், எத்தனை பிரதி என்று ஆயிரம் கேள்வி கேட்கும். தாளின் அடியில் இணைய முகவரி வேறு வந்து ஒட்டிக்கொள்ளும். வரவேற்புப் பெண் குரல் கொடுத்ததும் இவர் பெரிய மனுஷத் தோரணையில் எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வருவார்.

அதில் மண்ணைப் போட்டவன் சொந்தச் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொல்லி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். அவன் வந்த ஜோரில் அச்சடிப்பதைக் கவனிக்கும் ஒரு சின்ன மென்பொருளை முடிவு காட்டும் இணையப் பக்கத்தோடு பொருத்தி, அதற்குக் கணினி மொழியில் கட்டளை எழுதினான். இனிப் பெட்டி திறக்காது, முகவரி வராது. பொத்தானை அழுத்தினால் தாள் வந்துவிடும். வீட்டிலும் மனைவி தங்கை புருஷன் புராணம்தான் பாடினாள். இவருக்கு வயிறு எரிந்தது.

ஆய்வகத்தின் பெயர் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் தாளில் மேலே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சகலை கேட்டான். ஐந்து சென்டிமீட்டர் என்பது இவருக்குத் தூக்கத்திலும் தெரியும். வாய் கூசாமல் இரண்டு என்றார். டாக்டரம்மா முன்னால் அவன் மூக்குடைபடட்டும் என்று ஆசை. நல்ல தாள் வீணாகுமே என்று அவன் வெறுந்தாளில்தான் சோதித்துப் பார்த்தான், பிசகு தெரியவில்லை.

டாக்டரம்மா புது ஏற்பாட்டைப் பார்க்க வந்த அன்று சகலை இவர் தோளில் கை வைத்தான்.

"கட்டளை மட்டும்தான் மேடம் நான் எழுதினது. அளவெல்லாம் அண்ணன் சொன்னது. அவர் இல்லேன்னா இது நடந்திருக்காது."

இத்தனை நாள் இவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. பதறிப்போய் அவனைத் தடுக்கக் கையை நீட்டினார். பழைய பெட்டி திறந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். சகலை அழுத்திவிட்டான். புதுப் பொத்தான் எதையும் கேட்கவில்லை. நோயாளியின் பெயர் ஆய்வகத்தின் பெயர்மேல் ஏறி உட்கார்ந்தபடி தாள் வெளியே வந்தது.

டாக்டரம்மா இவரைப் பார்த்தார்.

"நான்தான் தப்பா காதுல வாங்கியிருப்பேன் மேடம்," என்றான் சகலை. "அண்ணனுக்கு இதெல்லாம் தப்பாது."

அவன் அதை மனசாரச் சொன்னான். திட்டியிருந்தால்கூட இவருக்குத் தேவலை போலிருந்தது.