ஒன்பதாவது கட்டைவிரல்

மூன்றாவது மாடிக்குக் கடைசிச் சட்டி கலவையை ஏற்றிவிட்டு அவள் இறங்கி வந்தபோது, எல்லோரும் கையில் செல்போனோடு மணல் குவியலைச் சுற்றி நின்றிருந்தார்கள். குவியல் மேல் உட்கார்ந்து மேஸ்திரி தன் போனில் எழுதிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் மறுநாள் யாருக்கு வேலை என்பதை அவர் இப்போதெல்லாம் வாயால் சொல்வதில்லை. குரூப்பில் செய்தி வரும். முந்திக்கொண்டு கட்டைவிரல் படம் போடுகிறவர்களுக்கு வேலை.

அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். எல்லாப் போனும் ஒன்றாகக் கூவின. நாளைக்கு காங்கிரீட், எட்டு ஆள்.

கட்டைவிரலால் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. சிமென்ட் தின்று காய்ந்து வெடித்த விரல். அது தொடுவது போனுக்குத் தெரிவதில்லை. எச்சில் தொட்டு அழுத்தினாள். கண்ணாடியில் சாம்பல் நிறத் தடம்தான் விழுந்தது.

"மூக்கால தொடுங்க அண்ணி," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார். நாத்தனார் தன் படத்தை ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தாள்.

அண்ணி போனை முகத்தருகே கொண்டுபோய் மூக்கு நுனியால் தொட்டாள்.

"முத்தம் யாருக்கு?" என்றான் கம்பி கட்டுகிறவன்.

"உனக்குத்தான். உன் இடத்தக் குடு, நேர்லயே தரேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். படம் போய்ச் சேர்ந்திருந்தது. மேலிருந்து எண்ணினாள். ஒன்பதாவது.

"அண்ணே, காலையிலேர்ந்து உங்க கண்ணு முன்னாடிதானே சுமக்குறேன்."

"நான் என்னம்மா பண்றது? முதலாளியும் குரூப்ல இருக்காரு. எட்டுன்னா எட்டுதான்."

"இங்க சாரத்துலேர்ந்து விழுந்த எங்க வீட்டுக்காரரு எழுந்திரிக்க முடியாமக் கெடக்குறாரு. என் கூலி ஒண்ணுதான்."

"அதுக்குத்தானே உன்னை குரூப்ல சேத்து விட்டோம்."

நாத்தனார் வாயெடுத்தாள். "அண்ணி, நாளைக்கு வேணா எனக்குப் பதிலா..." பிறகு தன் போனைப் பார்த்தாள். பேச்சை முடிக்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

"இன்னும் வேலை நேரம் முடியல," என்றார் மேஸ்திரி. "நாளைக்குண்டான சிமென்ட் மூட்டைய மிஷின்கிட்ட அடுக்கிட்டுப் போயிரு."

அவள் போனைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு முதல் மூட்டைக்குக் குனிந்தாள். திரை இன்னும் அணையவில்லை. எல்லாருக்கும் கீழே, பளிச்சென்ற மஞ்சளில், ஒரு வெடிப்புகூட இல்லாத கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது.