உப்பில்லாப் பத்தியம்

கோமுவின் உதட்டில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவள் அதை ஓட்டவில்லை. அடுப்படியில் அகப்பையும் கையுமாகப் பிரம்மநாயகி பார்த்துக்கொண்டே நின்றாள். ஈ வாயோரத்து எச்சில்வரை நடந்து வந்துவிட்டது. மகள் அப்போதும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், இந்த ஏழு வயதுக்காரி ஒரு நாழிகை ஓரிடத்தில் இருந்தாள் என்று சொல்லியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். சோற்றுக்கு நடுவில் நாலு தடவை எழுந்து ஓடுவாள். ஒரு கேள்விக்குப் பதில் வருமுன் அடுத்ததைக் கேட்பாள். தலை பின்னி முடிப்பதற்குள் பாதிப் பின்னலோடு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஆற்றுப் பாதையில் நிற்பாள்.

பரிதாபி வருஷத்து ஐப்பசி வெள்ளம் வரும்வரை அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. மிதந்து வந்த வாழைமரம் ஒன்றைப் பிடிக்க, தாயின் கையை உதறிவிட்டுக் குறுக்குத்துறைப் படியிலிருந்து ஆற்றில் குதித்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த சுடலையாண்டி தலைமுடியைப் பற்றி இழுக்காமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் பிரம்மநாயகி மனசுக்குள்கூடப் போனதில்லை. மறுவாரமே அவள் கணவர், வக்கீல் குமாஸ்தா தில்லைநாயகம் பிள்ளை, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்து இப்போது பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்க்கும் தேவதாசனிடம் மகளைக் காட்டி, ஓட்டம் அடங்க மருந்து வாங்கி வந்தார். புட்டியின் மேல் அளவுக்காகக் காகிதக் கோடுகள் ஒட்டியிருந்தன. வேளைக்கு ஒரு கோடு.

மருந்து கேட்டது. கோமு உட்கார்ந்தாள், தூங்கினாள். பிறகு முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கட்டி கிளம்பியது. நடந்தால் தள்ளாடினாள். பேச்சு குழறியது. இங்கிலீஷ் மருந்தின் சூடு என்று நினைத்துப் பிரம்மநாயகி பத்தியத்தை இன்னும் இறுக்கினாள். முதல் நாளே உப்பு, புளி, மிளகாய் மூன்றையும் நிறுத்தியிருந்தாள். இப்போது கருப்பட்டிக்கும் தடை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையைத் தாயும் மகளும் சேர்ந்தே தின்றார்கள். பிள்ளைக்கு இல்லாத ருசி தனக்கு எதற்கு என்பது அவள் கட்சி.

நாத்தனார் சொர்ணாம்பாள் மட்டும் வரும்போதெல்லாம் மெச்சினாள்: "மதினி, பிள்ள நல்லா அடங்கிட்டா." மூச்சு நின்றாலும் 'அடங்கிவிட்டது' என்றுதானே சொல்கிறோம் என்று பிரம்மநாயகி நினைத்துக்கொள்வாள்.

"வண்டி கட்டச் சொல்லுங்க. டிரஸ்ஸரைப் பாக்கணும்" என்றாள் கணவரிடம்.

"ஏளா, இப்பத்தான் ஒரு எடத்துல இருக்கா. மறுபடி ஆத்துல விழணுமா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் சொன்னாள்: "ஈ உக்காந்தா ஓட்டத் தெரியலையே."

தேவதாசன் கோமுவை நடக்கவிட்டுப் பார்த்தார். அவள் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மருந்து கூடிப்போச்சா?"

"கோட்டுக்கு மேல ஒரு சொட்டு குடுக்கல" என்றார் தில்லைநாயகம்.

"சாப்பாடு?"

"வழக்கம்போலத்தான்."

கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பிரம்மநாயகி வாய் திறந்தாள். பாராட்டை எதிர்பார்த்தே திறந்தாள். "இல்ல ஐயா. நாப்பது நாளா பத்தியம். ஒரு கல்லு உப்பு நாக்குல படல."

தேவதாசன் பேனாவைக் கீழே வைத்தார். "பத்தியம் இருக்கச் சொன்னது யாரும்மா?"

"யாரு சொல்லணும்? மருந்துன்னா பத்தியம்தானே."

"கேக்காதது என் தப்பு" என்றார் அவர். "இந்த மருந்தே ஒரு உப்பும்மா. சோத்து உப்பு உள்ள போனாத்தான் இது மூத்திரத்தோட வெளிய போகும். அது இல்லன்னா இது ஒடம்புலயே தங்கிரும். நாப்பது நாள் மருந்தும் பிள்ளைக்குள்ள கெடக்கு."

பிரம்மநாயகி தன் கைகளைப் பார்த்தாள். ஊட்டிய கைதான். ஒரு வேளை தவறாமல், காக்கவேண்டும் என்று ஊட்டியது. "சரியாயிருமா ஐயா?"

"மருந்த நிறுத்துங்க. உப்புப் போட்டுக் கஞ்சி குடுங்க, தண்ணி நெறயக் குடுங்க. பைய வடியும்."

"பொறவு பழையபடி ஓடுவாளே?" என்றார் தில்லைநாயகம்.

"ஓடுவா. வேணும்னா பாதிக் கோடு குடுத்துப் பாக்கலாம். அத நீங்கதான் சொல்லணும்."

வீட்டில் முதல் வாய்க் கஞ்சியைக் கோமு கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு விழுங்கிவிட்டுத் தாயின் விரலை நக்கினாள். மீதிப் புட்டி மாடத்திலேயே இருந்தது. அதைக் கொட்டக் கணவருக்கு மனசில்லை. கொட்டுங்கள் என்று சொல்ல, உண்மையைச் சொன்னால், அவளுக்கும் துணிச்சல் இல்லை.

ஏழாம் நாள் கோமுவின் கை ஈயை ஓட்டியது. பன்னிரண்டாம் நாள் காலை பிரம்மநாயகி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மாதமாகப் பிடித்துவைத்த இடத்தில் நின்ற தலை, இன்று இப்படியும் அப்படியும் திரும்பியது.

"எம்மா" என்றாள் கோமு. குழறல் இல்லை. "ஆத்துல இன்னும் தண்ணி நெறயப் போகுதா?"

இந்தக் குரலுக்காகத்தான் பிரம்மநாயகி நெல்லையப்பருக்கு நேர்ந்திருந்தாள். சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அதே நொடியில் கை பின்னலை இறுக்கிப் பிடித்தது. பதில் சொல்வதற்குள் பாதிப் பின்னல் விரலிலிருந்து நழுவிப் போயிற்று. கையில் குஞ்சலம் மட்டும் இருந்தது. கொல்லையில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.