மஞ்சளாய் ஒளிர்ந்த இழை

ஆய்வுக் கட்டுரையின் கடைசித் திருத்தத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரு படம் மங்கலாக இருக்கிறது, தெளிவாக எடுத்து அனுப்புங்கள் என்று ஆய்விதழில் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் அவள், பழங்காலக் கல்லைக் கரைத்து எடுத்த துகள்கள் இருந்த கண்ணாடித் தகட்டை மறுபடி நுண்ணோக்கியில் வைத்து, சும்மா இருக்கட்டுமே என்று நீல விளக்கையும் போட்டுப் பார்த்தாள். அப்போது மணி மூன்றேகால்.

கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லுக்குள் வெந்து கிடந்தவை அந்த வெளிச்சத்தில் மங்கிப் பழுப்பாய்த் தெரிய வேண்டும். வித்துத் துகள்கள் பதினொன்றும் அப்படித்தான் தெரிந்தன. நடுவில் கிடந்த திருகிழை மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் மஞ்சளாய் ஒளிர்ந்தது.

அந்தத் துகள்கள் எந்தச் செடியுடையவையாகவும் இருக்கலாம். வேரில்லாமல் ஈரமண்ணோடு ஒட்டிப் படரும் லிவர்வர்ட் என்ற குட்டிச் செடியுடையவை என்று அடையாளம் காட்டியதே அந்த இழைதான். அதை நம்பித்தான் நிலத்துச் செடிகளின் வம்ச மரத்தையே மூன்று கோடி ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். கணக்குப் போட்டவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். மரபணு மாற்றங்களை எண்ணி வயது சொல்வதால் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். வியாழக்கிழமை அவளுக்கு வேலைக்கான நேர்காணல். காட்டிக்கொள்ள இந்த ஒரு கட்டுரைதான் உண்டு.

கல்லை அமிலத்தில் கரைத்துத் தருபவரிடம் ஓடினாள்.

"அண்ணே, கரைச்சதை வடிகட்டின சல்லடை புதுசுதானே?"

"இதோட நாலாவது தடவை கேக்கறீங்க. கேஸை மூடினோமான்னு பாதி வழியில வீட்டுக்குத் திரும்பிப் போற ஆளாச்சே நீங்க." அவர் கையுறையைக் கழற்றினார். "புதுசுதாம்மா. ஆனா தகடு காயற ஜன்னல்ல உங்க செல்லப்பிள்ளையை மூடி இல்லாம வெச்சிருந்தீங்களே, அதை மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவள் டப்பாவில் வளர்த்த உயிருள்ள லிவர்வர்ட். அதன் வித்துப் பைகள் முற்றுவதைப் படமெடுக்க இரண்டு நாள் மூடியைத் திறந்து வைத்திருந்தாள். பை காய்ந்து வெடித்தால் உள்ளிருக்கும் இழைகள் முறுக்கிக்கொண்டு துகள்களை வீசும். சில சமயம் இழையும் கூடவே பறக்கும். செடி தன் வேலையைச் செய்திருக்கிறது; பக்கத்தில் காய்ந்த தகட்டில் இழை விழுந்திருக்கிறது.

தன் மேசைக்குத் திரும்பினாள். நீல விளக்கை அணைத்தாள். சாதாரண வெளிச்சத்தில் இழை சமர்த்தாய்க் கிடந்தது. யாரும் நீல விளக்கில் பார்க்கப் போவதில்லை. "நீ பயப்படற எதுவும் இதுவரைக்கும் நடந்ததே இல்ல," என்று கணவன் சிரிப்பான். அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. கேஸ் மூடித்தான் இருக்கும், கதவு பூட்டித்தான் இருக்கும். பயப்படுவது மட்டுமே அவள் வேலை. நடந்துவிட்ட ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் கற்றுக்கொண்டதே இல்லை. விளக்கைப் போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். ஒவ்வொரு முறையும் அது மஞ்சளாகவே இருந்தது.

பக்கத்து அறைக்குப் போனபோது கடிகாரம் நேர்காணலுக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, முகம் இப்படி இருக்கு? மறுபடி கேஸா?"

சொன்னாள். டப்பா, மூடி, ஜன்னல், எதையும் விடாமல் சொன்னாள். கடிகாரம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"மூணேகாலுக்கு."

கடிகாரம் சுவரில் மணி பார்த்தாள். நாலரை.

"ஒண்ணேகால் மணி நேரம்," என்றாள்.

"ஆமா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கடிகாரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறோம்னு நானே எழுதறேன். நீங்க எழுதினா பத்துத் தடவை சரிபார்ப்பீங்க, அஞ்சு தாண்டிடும்." தட்டச்சை நிறுத்தவில்லை. "திரும்பக் கரைச்சுப் பாக்க மிச்சக் கல் இருக்கா?"

"உள்ளங்கை அளவு."

"அந்த டப்பாவைக் கொண்டுபோய் வெளியில வைங்க முதல்ல."

அவள் டப்பாவை மூடி, இரு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வழியில் நின்று, மூடி இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.